ரொம்பச் சுத்தமான புள்ளி

விழியாம் விழி. பேரு வைக்க மட்டும் நல்லாத் தெரியுது. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பேரு வச்சு, குத்துவிளக்கு ஏத்தி, ஆயுத பூஜை அன்னைக்கு சர்வர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வச்சு, கம்ப்யூட்டர் தானாப் படிச்சுத் தானா வானத்தைப் பாக்கப் போகுதுன்னு நம்ம டைரக்டர் மாதவமூர்த்தி பட்டு வேட்டியோட நின்னு சொன்னாரே, அன்னைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நான் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறியிருக்கணும். ஏறல. ஏறாததுனால இப்ப இந்த வேன்ல நடு சீட்டுல உக்காந்து, மடியில போனை வச்சுக்கிட்டு, அந்த விழி அனுப்பின மூணு சின்னப் படத்தை முறைச்சுக்கிட்டு மலையேறிட்டிருக்கேன். மூணு படம். முதலாவது நேத்து எங்க தொலைநோக்கி எடுத்தது. ரெண்டாவது வானத்துல அதே துண்டை போன வருஷம் எடுத்தது. மூணாவது, முதலாவதுல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா மிச்சம் என்ன நிக்குதோ அது. பழசெல்லாம் கழிஞ்சு போயி, ஒரே ஒரு புள்ளி நிக்குது. எங்கயோ தூரத்துல கெடக்கிற ஒரு நட்சத்திரக் கூட்டத்தோட ஓரத்துல, நல்லா வட்டமா, பளிச்சுன்னு. போன வருஷம் இல்லாத புள்ளி. அது நிஜமா இருந்தா அங்க ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. அதுக்குக் கீழே விழி தன் தீர்ப்பை எழுதியிருக்கு, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு நிஜம்னு. என்ன தைரியம் பாருங்க இந்தச் சவத்துக்கு. முப்பது வருஷம் வானத்தைப் பாத்த எனக்கே தொண்ணூறுக்கு மேல சொல்ல வாய் கூசும்.

பக்கத்துல பெனாசிர். ஜன்னலோரம் உக்காந்து எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சு மோந்துக்கிட்டு வருது. வளைவு வந்தா அதுக்குக் கொமட்டும். ஆம்பூர்ல இருந்து வந்து மூணு வருஷமா இதே மலையில ஏறி இறங்குது, இன்னும் பழகல. இந்த லட்சணத்துல இது விஞ்ஞானியாம். இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது, நல்ல பொண்ணுதான். நல்ல பொண்ணுங்கதான் எனக்கு ஆகாது. மத்தியானம் அடிவாரத்துல சாப்பாடு வர்றதுக்கு முன்னாலயே இந்தப் புள்ளிக்கு ஆமான்னு அழுத்திட்டு, கண்ணு ரெண்டும் மின்ன என்னைப் பாத்துச்சு. ஒருத்தர் ஆமான்னு சொன்னாப் பத்தாது. ரெண்டாவது ஆள் ஒருத்தர் ஆமான்னு அழுத்தணும், அதான் எங்க ஏற்பாடு. ரெண்டாவது ஆள் நான். நான் அழுத்தினா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய தொலைநோக்கி இன்னைக்குத் தன் சோலியெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு எங்க புள்ளியைப் பாக்கும். இந்த சீசனுக்கு எங்களுக்குன்னு குடுத்திருக்கிற சலுகையில ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். நாலு மணிக்குள்ள சொல்லணும், நாலோட அவன் கதவைச் சாத்திருவான். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடவும் முடியாது. வெடிச்ச முதல் நாள் வெளிச்சத்துலதான், செத்தது எப்பேர்ப்பட்ட நட்சத்திரம், சாகுறதுக்கு முன்னால தன்னைச் சுத்தி என்னத்தை ஊதித் தள்ளுச்சுங்கிறதெல்லாம் இருக்கும். அப்புறம் அது கலைஞ்சிரும். எங்க மலையிலயோ ஐப்பசி மேகம் வந்து கவுந்து கெடக்கு, நேத்து ரெண்டு மணி நேரம் வானம் தெறந்ததே அதிசயம்.

பெனாசிருக்கு இந்த மாசக் கடைசியோட காண்ட்ராக்ட் முடியுது. "ஒரு நல்ல கண்டுபிடிப்பு கையில இருந்தா மேல பேசலாம்மா," அப்படின்னு மாதவமூர்த்தி சொன்னாராம். சொல்லுவாரு, அவருக்கென்ன. கண்டுபிடிப்பு என்ன கத்திரிக்காயா, சந்தைக்குப் போயி கூடையில வாங்கிட்டு வர? இது இல்லேன்னா சென்னையில ஒரு கம்பெனிக்குப் போறதா இருக்கு. வெப்சைட்ல சேலை பாக்கிறவ எந்தச் சேலையில எத்தனை நிமிஷம் நின்னான்னு கணக்குப் பண்ற வேலை. இதே வித்தைதான், இங்க நட்சத்திரம், அங்க சேலை. அதைச் சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு. "சேலையும் பாக்க நல்லாத்தானே மேடம் இருக்கும்," அப்படின்னு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. அழுதா அழணும், சிரிச்சா சிரிக்கணும், ரெண்டுங்கெட்டானா எதுக்கு?

ஆமா, அழுத்தலாம்ல? அழுத்த என்ன கஷ்டம்? எல்லாம் பாத்தாச்சு. அந்த இடத்துல நேத்து எந்தக் குறுங்கோளும் போகல, ரெண்டு தடவை சரி பாத்தேன். பழைய படங்கள்ல அங்க மினுக்கி மினுக்கி ஏமாத்துற நட்சத்திரம் எதுவும் இல்ல. கண்ணாடியில பட்டுத் தெறிக்கிற ஒளியும் இல்ல, அது பிறை மாதிரி கோணலா விழும். அப்போ மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு கேள்வி. இது வானத்துல இருந்து வந்துச்சா, இல்ல மாதவமூர்த்தி கிட்ட இருந்து வந்துச்சா? அதான் கேள்வி. அந்த மனுசனோட மகா கண்டுபிடிப்பு அது. விழி ஒழுங்காப் பாக்குதா, அது காட்டினதை நாங்க ஒழுங்காப் பாக்குறோமான்னு சோதிக்க, ராத்திரி எடுக்கிற படங்கள்ல அங்கங்க பொய் நட்சத்திரம் ஒட்டிவிடுவாரு. அதே படத்துல இருக்கிற நல்ல நட்சத்திரம் ஒண்ணோட உருவத்தை எடுத்து, கொஞ்சம் மங்கலாக்கி, ஏதாவது ஒரு நட்சத்திரக் கூட்டத்து ஓரமாப் பாத்து ஒட்டிவிடுறது. எது பொய்னு விழிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, அவருக்கும், பெட்டிக்குள்ள அவர் தனியாப் பூட்டி வச்சிருக்கிற பட்டியலுக்கும் மட்டும்தான் தெரியும். உலகம் பூரா இப்படிச் சோதிக்கிறதுதான், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா இவரு பண்றது சோதனை மாதிரியா இருக்கு? காலேஜ் பசங்க சக்கரைன்னு சொல்லி உப்பைக் குடுப்பானுங்களே, அந்த மாதிரிதான் இருக்கு. பொய்க்கு ரெண்டு பேரும் ஆமான்னு அழுத்திட்டோம்னு வைங்க, பெரிய தொலைநோக்கிக்கு ஒண்ணும் போகாது, சலுகையும் செலவாகாது, அந்த மட்டும் புண்ணியம். குரூப்புல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு செய்தி போகும், இன்னார் இன்னார் ஏமாந்தார்கள்னு, ஒரு சிரிப்பு முகத்தோட.

அதோட விட்டாரா? டெல்லியில இருந்து ஆய்வுக் குழு வந்திருந்தப்ப, முந்திரிப்பருப்புத் தட்டெல்லாம் வச்சு, அவ்வளவு பெரிய திரையில நான் ஆமான்னு அழுத்தின பொய் ஒண்ணைப் போட்டு, செவப்பு வட்டம் வரைஞ்சு, "பாருங்க, நம்ம ரத்னபாய் மேடம் கண்ணுக்கே தண்ணி காட்டிருச்சு" அப்படின்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. முன் வரிசையில ஒருத்தர் வாயில முந்திரியோட சிரிச்சு, அது பொரை ஏறி, தண்ணி தண்ணின்னு கேட்டாரு. நான் என்ன பண்ணினேன்? நானும் சிரிச்சேன். அதான் இன்னும் தொண்டையில நிக்குது. அவங்க சிரிச்சதுகூட இல்ல, என் மூஞ்சியில என் அனுமதி கேக்காம அந்தச் சிரிப்பு வந்து உக்காந்துச்சு பாருங்க, அது. பெனாசிர் மட்டும் சிரிக்கல. அதுக்காகவும் எனக்கு அது மேல கோவம்தான். சிரிக்காம இருந்து எனக்குப் பரிதாபம் காட்டுறதுக்கு இது யாரு?

வேன் இன்னொரு வளைவுல திரும்புது. பழனிவேலு ஹாரனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே திருப்புறாரு, எதிர்ல ஒரு ஈ காக்கா கிடையாது, ஆனாலும் அடிக்கணும். வெளியே சில்வர் ஓக் மரங்க, ஈரம், ஒரு குரங்கு யாரோ வீசின சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு இருக்கு. புள்ளியைப் பெருசாக்கிப் பாக்குறேன். பெருசாக்கினா கட்டம் கட்டமாத் தெரியுது. நடுக் கட்டம் வெள்ளை, சுத்தி எட்டும் கொஞ்சம் மங்கல், அதுக்கு வெளியே இன்னும் மங்கல். எந்தப் பக்கமும் இழுக்கல. எவ்வளவு ஒழுங்கு. இவ்வளவு ஒழுங்கா வானம் எனக்கு எதையும் குடுத்ததில்ல. நிஜமா வர்றது எப்பவுமே அழுக்கா வரும், பாதி வாலு ஒட்டிக்கிட்டு, கழிச்சது சரியாக் கழியாம ஒரு கறையோட, அது கிட்ட கெஞ்சிக் கூத்தாடித்தான் உண்மையைக் கறக்கணும். இது குளிச்சு முழுகிப் பொட்டு வச்சு, பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு முன்னால நிக்கிற மாதிரி நிக்குது. இது பொய்தான். கூட்டத்தோட நடுவுல இல்லாம, ரொம்ப வெளியவும் இல்லாம, இந்தா பாத்துக்கோன்னு வசதியான இடத்துல. அவர் ஒட்டினா இங்கதான் ஒட்டுவாரு. ஆனா வெடிக்கிற நட்சத்திரமும் இங்கதான் வெடிக்கும், வேற எங்க வெடிக்கும்? சே. நேத்து காத்து அசையாம இருந்துச்சுன்னு மலையில இருக்கிற பையன் எழுதியிருந்தான், காத்து அசையலேன்னா எல்லா நட்சத்திரமும் வட்டமாத்தான் விழும். சரி, விழட்டும். அதுக்காக இவ்வளவு வட்டமா?

"மேடம், நீங்க பாத்துட்டீங்களா?" பெனாசிர் எலுமிச்சம்பழத்தை மூக்குல இருந்து எடுக்காமயே கேக்குது.

"பாத்துட்டேதான் இருக்கேன். கண்ணு இருக்கில்ல எனக்கு?"

"இல்ல மேடம், நாலு மணிக்குள்ள..."

"எனக்கும் மணி பாக்கத் தெரியும்மா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. இந்த மலையில நான் ஒருத்திதான் இப்படிப் பேசுறேன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? தெரிஞ்சும் வருது. இந்த விழிக்குக் கண்ணு குடுத்தது யாருன்னு யாராவது கேட்டாங்களா? புரோகிராம் எழுதினவனுக்குப் பொன்னாடை, பெட்டி வாங்கிக் குடுத்தவருக்குப் பூங்கொத்து, மைக் செட்டுக்காரனுக்குக்கூட நன்றி சொன்னாங்க. எட்டு வருஷம் தினமும் உக்காந்து, இது நிஜம், இது குப்பை, இது செயற்கைக்கோள் கிழிச்ச கோடு, இது கழிச்சதுல வந்த மிச்சம்னு ஒவ்வொரு புள்ளியாப் பிரிச்சு வச்சது நான். கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு. நான் பிரிச்சதை எல்லாம் அள்ளி அந்தப் பெட்டிக்குள்ள கொட்டினாங்க, அது அதைப் பாத்துப் பாத்துப் படிச்சுச்சு. அதுக்குன்னு தனியா ஒரு மண்ணும் தெரியாது. ஒரு புள்ளியைக் காட்டினா, ரத்னபாய் இதுக்கு என்ன சொல்லியிருப்பான்னு பாத்துச் சொல்லும், அம்புட்டுதான் அதோட அறிவு. அப்படிப் பாத்தா இப்ப இந்தத் தொண்ணூத்தெட்டைச் சொல்றது யாரு? நான்தானே. செவப்பு வட்டத்துக்கு முன்னால இருந்த நான். பயமில்லாம, டீயை ஆற விட்டுட்டு, ஒரு பார்வையில ஆமா இல்லைன்னு தட்டித் தட்டி நகர்ந்தவ. அவ சொல்றா இது நிஜம்னு. சீ, போ. ஒரு பெட்டிக்குள்ள என்னைத் தேடுற அளவுக்கு எனக்கு மூளை கலங்கிப் போச்சு. மலை ஏறும்போது காதடைச்சா இப்படித்தான் என்னத்தையாவது நினைக்கத் தோணும்.

"பேசுறவங்க பேசி முடிச்சுக்குங்கம்மா," பழனிவேலு கண்ணாடியில எங்களைப் பாத்துச் சொல்றாரு. "முனீஸ்வரன் கோயில் வளைவு வருது. அதைத் தாண்டுனா டவர் போயிரும்." ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு, ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி. அதுக்கப்புறம் உச்சிக்குப் போனாத்தான் இன்டர்நெட், போய்ச் சேர நாலரை ஆயிரும்.

"மேடம்," மறுபடியும் பெனாசிர். எலுமிச்சம்பழத்தைக் கீழே வச்சிருச்சு. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. "பொய்யா இருக்குமோன்னு யோசிக்கிறீங்களா? இருந்தா இருந்துட்டுப் போகட்டும் மேடம். ஒரு நாள் சிரிப்பாங்க, விட்டுருவாங்க. நிஜமா இருந்துட்டா என்ன பண்றது?"

சிரிச்சுட்டு விட்டுருவாங்களாம். எவ்வளவு சுளுவாச் சொல்லுது. அதுக்கு இருபத்தெட்டு வயசு, அதைப் பாத்து யாரும் இன்னும் பெருசாச் சிரிக்கல. அந்தச் செவப்பு வட்டம் மறுபடியும் வரும், இந்தத் தடவை ரெண்டாவது முறையாகன்னு சேத்துச் சொல்லுவாரு மாதவமூர்த்தி. வயசாயிருச்சுல்ல மேடத்துக்குன்னு கேண்டீன்ல பேசுவாங்க. கண்ணாடியை மாத்தச் சொல்லுங்கப்பான்னு ஒருத்தன் சொல்லுவான், எவன்னுகூட எனக்குத் தெரியும். அந்தப் பொட்டு வச்ச பெட்டிகிட்ட ரெண்டு தடவை தோத்தவன்னு நான் பேரு வாங்கணுமா? இவ சேலையைப் பாக்கப் போறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? போகட்டுமே. சம்பளம் மூணு மடங்கு. மலையும் கிடையாது, வாந்தியும் கிடையாது. போயி நல்லா இருக்கட்டும். நான் அதுக்கு நல்லதுதான் பண்றேன்.

"இது பொய்தான்," நான் சொல்றேன். "முப்பது வருஷமாப் பாக்குறேன், எனக்குத் தெரியும். அசிங்கப்படாம இருக்கக் கத்துக்கோ முதல்ல." சொல்லிக்கிட்டே இல்லைங்கிறதை அழுத்திட்டேன். அழுத்தினதும் மனசுக்கு என்ன ஒரு குளிர்ச்சி. வாங்க மாதவமூர்த்தி, இந்தத் தடவை என்ன பண்ணுவீங்க, எந்தத் திரையில போட்டுக் காட்டுவீங்க?

இப்ப பூ வரணும். அதுவும் அவர் ஏற்பாடுதான், சின்னப் பிள்ளைங்களுக்கு நோட்டுல ஸ்டார் போடுற மாதிரி. பொய்யைப் பொய்னு சொன்னா, சொன்னவங்க போன்ல மட்டும் அந்த நொடியே ஒரு செம்பருத்திப் பூ விரியும். நிஜத்தைப் போயி இல்லைன்னு சொன்னா ஒண்ணும் வராது, வரவும் முடியாது, அந்தப் பெட்டிக்கு ஒட்டினது எதுன்னு தெரியும், நிஜம் எதுன்னு எப்படித் தெரியும்? உங்கள் பதில் பதிவாகிவிட்டதுன்னு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரி வந்துருச்சு. பூ வரும். சில சமயம் கொஞ்சம் லேட்டா வரும். இல்ல, லேட்டா வந்ததே இல்ல, நான் விரலை எடுக்கிறதுக்குள்ள வந்துரும், இவ்வளவு அசிங்கமான பூவை எந்த மடையன் வரைஞ்சான்னு திட்டிக்கிட்டே மூடுவேன். டவர் இருக்கா? இருக்கு, மூணு கோடு இருக்கு. திரையைக் கீழ இழுத்து விட்டுப் பாக்குறேன். உங்கள் பதில் பதிவாகிவிட்டது. இன்னொரு தடவை இழுக்கிறேன். பதிவாகிவிட்டது. பதிவாகிவிட்டது. ஏ பூவே, வந்து தொலையேன்.

வரல.

அப்போ நிஜம். அந்தச் சுத்தமான புள்ளி நிஜம். அது நேத்துதான் வெடிச்சிருக்கு, இப்பவும் வெடிச்சுட்டேதான் இருக்கு, யாரும் பாக்கல. மாதவமூர்த்தி ஒருத்தரால மட்டும்தான் இதை மாத்த முடியும். அவர் நம்பர் மேலயே கெடக்கு, காலையிலகூட மிஸ்டு கால் குடுத்திருக்காரு. ஒரு நிமிஷம் போதும். சார், நான் தப்பா அழுத்திட்டேன், ஆமான்னு மாத்திருங்க. அவ்வளவுதான் வார்த்தை. அவர் என்ன சொல்லுவாரு? "என்ன மேடம், எங்க விழி கரெக்டாச் சொல்லிச்சா?" அப்படிம்பாரு. அந்தக் குரல், அந்த இழுவை, பின்னால யாரோ இருந்தா ஸ்பீக்கர்ல போடுவாரு. சொல்லிட்டுப் போகட்டும், சொல்லு, கூப்பிடு ரத்னபாய், அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கு, கூப்பிட்டுத் தொலை. நம்பரைத் தொட்டேன். ரிங் போகுது. ஒரு ரிங். எடுத்ததும் முதல்ல என்ன சொல்றது, தப்பா அழுத்திட்டேன்னா, கை பட்டுருச்சுன்னா? கை பட்டுருச்சுன்னு சொல்லலாம். ஆனா இவ கேட்டுட்டு இருக்காளே, நான் பொய்தான்னு சொன்னதை இவ கேட்டாளே. ரெண்டாவது ரிங். கட் பண்ணிட்டேன். ஒழுங்கா யோசிச்சு வச்சுக்கிட்டு இதோ மறுபடியும் போடுறேன். பழனிவேலு ஹாரனை அழுத்திட்டாரு, முனீஸ்வரன் செவப்புத் துணியோட ஜன்னல்ல வந்து போறாரு, பழனிவேலு ஒரு கையால கும்புடு போடுறாரு. கோடு ரெண்டாச்சு. ஒண்ணாச்சு. இல்ல.

"மேடம்," பெனாசிர் மெதுவாக் கேக்குது. "பூ வந்துச்சா?"

போனைத் திருப்பி மடியில கவுத்தி வச்சேன். எது எது பொய்ங்கிற பட்டியலை அவரு மாசம் முடிஞ்ச பிறகுதான் வெளியே விடுவாரு. அப்ப இந்தப் பிள்ளை சென்னையில இருக்கும்.

"வந்துச்சு," நான் சொன்னேன்.

அது நெஞ்சுல கை வச்சு அப்படியே மூச்சை விட்டுச்சு. "நல்லவேளை மேடம். நான் நூறு சதம் நிஜம்னே நினைச்சேன். நீங்க மட்டும் இல்லேன்னா எல்லார் முன்னாலயும் மானம் போயிருக்கும்." என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திச்சு, விரலெல்லாம் ஜில்லுன்னு எலுமிச்சை வாசனையோட. "தேங்க்ஸ் மேடம். உங்க கண்ணு கண்ணுதான்." அப்புறம் அடுத்த வளைவுக்குப் பயந்து கண்ணை மூடி, கேக்காமயே என் தோள்ல தலையைச் சாச்சுக்கிச்சு. முன்னால பழனிவேலுவோட கடிகாரத்துல நாலு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நான் தோளை அசைக்காம உக்காந்திருக்கேன்.